மூங்கிற் புதரை வெட்டும் முறை

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. இதனை மறந்து குடியானவர் பலர் நல்ல புதர்களைப் பாழாக்கி விடுகின்றனர். கல்மூங்கிலில் மழைக்காலத்தே கிழங்கினின்று குருத்து வெளிப்படும்போதே அதன் பருமன் நிர்ணயமாகி விடுகின்றது. சில மாதங்களில் முழு உயரமும் அடையும். பின்னர் எத்தனை வருஷம் நின்றாலும் அது பருப்பதில்லை. வைரம் மாத்திரமே ஏறும்.

புதிய கிழங்குகள் பெரும்பாலும் புதரின் ஓரத்திலேயே கிளைக்கின்றன. ஆகவே, கைக்கு எளிதென்று ஓரத்துக் கழிகளை வெட்டுவோர் இளங்கழியையும் வருங்காலக் குருத்தையும் ஒருங்கே இழக்கின்றனர். நடுவிலுள்ள முதிர்ந்த கழிகளோ நெருங்கி வீணாகின்றன. உட்புகுந்து வெட்டக் கூலி அதிகமாகும் என்பது மெய்யே. ஆயினும் அக்கூலியை மிச்சம் பிடிப்பது விதைநெல்லைச் சமைத்துண்பதற்கு ஒப்பாகும்.

மூன்று வருஷம் நிறைந்த கழிகளை மழை ஓய்ந்தபின் வெட்டி, ஓரத்து இளங்கழிகளை நிறுத்துதலே முறை. புதர் முழுவதும் பூத்தால் பின்னர் பட்டுப்போகும். அப்பொழுது மூங்கிலரிசியில் சிறிது விதைக்கென வைத்துக்கொள்ளல் நலம்.

1927-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தில் மரம் என்பதன் பொருளில் அடங்கியிருந்த மூங்கில் 2017-இல் நீக்கப்பட்டது. சட்டம் உணர்ந்த உண்மையைக் கிராம உத்தியோகஸ்தர்களும் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.