பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்!



நம்மில் பலர் வீட்டு வாசலில் அப்பா காலத்து அம்பாசிடர் ஒன்று இன்றும் நிற்கிறது. மண்டிக்கும் கொள்முதலுக்கும் ஓடிய வண்டி. விற்க மனம் வராது. அதற்கு 'ஹெடர்' மாட்டும் ஆசை இப்போது நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. இஞ்சினின் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, வளைத்துப் பற்றவைத்த எஃகுக் குழாய்களை மாட்டுவதுதான் ஹெடர்.

அதில் விஷயம் இல்லாமல் இல்லை. வார்ப்பிரும்புக்குள் முட்டி மோதும் புகை, தனித்தனிக் குழாயில் தாராளமாக வெளியேறும். ஆனால் மற்றதெல்லாம் கம்பெனி நிலையிலேயே இருக்கும் 1489 சி.சி. இஞ்சினில் கூடும் இழுவை சொற்பம். நன்றாகக் கூடுவது சத்தம்தான்.

சென்ற ஆண்டு நமது 1971 மாடல் வண்டிக்கு மகன் ஆசைப்பட்டான், நாமும் தலையாட்டினோம். குத்தூசி போட்டுப் பார்க்காமல் மூட்டை வாங்காத நாம், இதைப் பளபளப்பைப் பார்த்து வாங்கினோம்! பார்த்திருக்க வேண்டியது பிளாஞ்சின் கனத்தை. இந்த இஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். ஒரே வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்துகிறது. கனம் வேறுபட்டால் ஒன்று இறுகும், மற்றது கசியும். நமக்கு நடந்தது அதுதான். வண்டி முழுக்க 'டிக் டிக்' சத்தம். குழாய் அளவுக்கு மீறி அகலம் வேறு. புகையின் வேகம் குறைந்து, மேட்டில் வண்டி முனகியது. (நான்கு சிலிண்டருக்கு நான்கு குழாய் என்று எண்ணிவிடாதீர்கள். நடு சிலிண்டர் இரண்டுக்கும் புகைவழி ஒன்றே. மூன்று வாய்தான்.)

பட்டறையில் நட்டுகளை ஒரேயடியாக முறுக்கினார்கள். புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் சிறிது சிறிதாக முறுக்கி, ஓட்டிச் சூடாகி ஆறிய பின் மறுபடி முறுக்க வேண்டும். குழாய்க்குக் கீழே தாங்கல் இல்லாவிட்டால் இஞ்சின் ஆட்டத்தில் வெல்டிங் விரியும்.

இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. நமக்குப் பொறுக்காதது வேறு. கழற்றிய மேனிஃபோல்டைப் பட்டறைக்காரர் நம்மைக் கேட்காமலே காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்! 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். ஆனால் வண்டி மூல உருவில் இருக்க வேண்டும். இஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. தவிர, ஒலியும் புகையும் அளவு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஊரறிந்த கடைக்காரர் வண்டிக்கு இது தேவையா?

ஹெடர் வேண்டாம் என்பதே நமது கருத்து. பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்றால், கழற்றிய இரும்பை ஸ்டட், வாஷரோடு சாக்கில் கட்டி அன்றைக்கே கிடங்கில் சேர்த்துவிடுங்கள். 'பழைய பாகம் திருப்பித் தரப்பட்டது' என்று பட்டறை பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

நாம் நான்கு மாதம் அலைந்து, உடைத்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து பழைய மேனிஃபோல்டை வாங்கி மாட்டினோம். கொடுத்த விலை ஹெடரின் விலையைவிட அதிகம்.