நூலுக்குப் பார்த்த ஈரப்பதம், நெஞ்சுக்குப் பார்க்காத தூசி

ராஜபாளையத்தில் ஈரப்பதத்தை அளப்பது சென்சாரோடு வந்த வழக்கம் அல்ல. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பின் நூற்பாலைகள் பெருகிய ஊர் இது. காற்று காய்ந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் பகுதியில் 55 முதல் 60 சதவீத ஈரப்பதத்தைக் காப்பது இங்குள்ள மெயின்டனன்ஸ் ஆட்களுக்குக் கைவந்த கலை. அக்கறை முழுவதும் நூலின்மேல்தான். அதே காற்றை இழுக்கும் தொழிலாளியின் நெஞ்சுக்கு அதில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும்.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் தேறிவிடும். அதனாலேயே சளி, அலுப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். போகப்போக இறுக்கம் மற்ற நாள்களுக்கும் பரவி, மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை, பஞ்சுத் தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது.

இப்போது காற்றிலுள்ள தூசியையும் ஈரப்பதத்தையும் அளக்கும் வீட்டு உபயோகச் சென்சார்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களுக்கும், தறியை ஒட்டிய வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் விலை. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பொருத்துகிறவர் அதன் குணத்தை அறிந்திருக்க வேண்டும். அதிலுள்ள தூசி அளவி, லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் தூசியை எண்ணும் கருவி. காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் தூவும் நீர்த்துளியையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். பஞ்சு இழை நுழைவாயை அடைத்தால் அளவு பொய்யாகக் குறையும். அந்தச் சட்ட வரம்புக்கான அளவோ, வடிதாளில் படிந்த தூசியை நிறுத்துப் பெறுவது. இரண்டும் ஒன்றல்ல.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிர்க் ஸ்மித் குழு, வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவியின் நுட்பத்தைக் கொண்டே மலிவான அடுப்புப்புகை அளவியை உருவாக்கியது. அவர்களும் வடிதாள் எடையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

ஈரப்பதச் சென்சாரைச் சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை. சாப்பாட்டு உப்பில் ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் கலந்து ஒரு மூடியில் வைத்து, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடிவிட்டால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் 82 காட்டினால் அது 7 கூட்டிச் சொல்கிறது. உப்பும் நீரும் கருவியைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் சிக்கல் வேறு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை விறகடுப்பில் கிண்டும் கூடங்களில் புகையும் பாலின் ஆவியும் சேர்ந்தே எழும்புகின்றன. சட்டிக்கு நேர் மேலே மாட்டிய சென்சார் ஆவியையும் புகையாக எண்ணும். கிண்டுபவரின் மூக்கு உயரத்தில், ஆவி நேராகப் படாத பக்கமாக வைப்பதே முறை.

நூற்பாலையிலும் தறிக்கூடத்திலும், சென்சாரின் செயலி காட்டும் 24 மணி நேரச் சராசரியை நம்பி ஆலைக்கு அறிக்கை தரக் கூடாது. தறி நின்ற நேரமும் அதில் கலந்து, ஷிஃப்டின் உச்சத்தை மறைத்துவிடும். எட்டு மணி ஷிஃப்ட் வாரியாகப் பதிவை வைத்து, விடுமுறைக்குப் பிந்தைய முதல் ஷிஃப்டைத் தனியே எடுத்து, அன்று வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மூச்சுத்திறன் சோதனையோடு ஆலை மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அதன் நகல் தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும்.