வண்டியை உயர்த்தினார்கள், பிரேக் குழாயை மறந்தார்கள்!



கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓரத்திலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். ஆளைச் சாடுவதல்ல, வழக்கத்தைச் சாடுவதே நம் நோக்கம்.

மழைக்காலத்தில் வெட்டுக்காட்டுப் பாதை சேறாகிறது, வண்டி புதைகிறது, பால் வந்து சேரத் தாமதமாகிறது. நட்டம் கணக்கிலே தெரிந்தது. உடனே நிர்வாகம் விழித்துக்கொண்டது! நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். புது ஸ்பிரிங், புது அப்சோர்பர், பெரிய டயர் எல்லாம் வந்தன. மெக்கானிக் கொடுத்த பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: நீளமான பிரேக் ஹோஸ். அந்த ஒரு வரியைத்தான் "இது எதற்கு?" என்று அடித்தார்கள்.

மூன்று மாதம் கழிந்தது. விடியற்காலையில், வெட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்த வண்டியின் பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. ஹோஸ் பூட்டுவாயில் பிய்ந்தது. பிரேக் பெடல் தரையைத் தொட்டது. டிரைவர் கியரைக் குறைத்து, வண்டியை மண்மேட்டில் மோதி நிறுத்தினார். ஓர் அம்மாவின் கை முறிந்தது, மற்றவர்கள் பிழைத்தார்கள். மறுநாள் டிரைவருக்கு என்ன கிடைத்தது? பாராட்டா? விளக்கம் கேட்கும் கடிதம்!

இதை விதி என்பதா? டிரைவரின் கவனக்குறைவு என்பதா? இரண்டுமல்ல. காரணம் வெட்டவெளிச்சமானது.

பிரேக் எண்ணெய் சேசிஸ் வரையில் இரும்புக் குழாயில் வருகிறது. அங்கிருந்து, ஏறி இறங்கும் சக்கரத்துக்கு வளையும் ஹோஸ் வழியாகப் போகிறது. (அது நாம் வெட்டும் பாலில் ஆனதன்று, பெரும்பாலும் செயற்கை ரப்பர்.) வண்டி செய்தவன், சக்கரம் முழுவதும் தொங்கினாலும் போதும்படி நீளத்தை அளந்து வைத்திருக்கிறான். சேசிஸ் இரண்டு அங்குலம் மேலே போனால் அந்த மிச்சம் போய்விடுகிறது. சமதரையில் எதுவும் தெரியாது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதுதான் ஹோஸ் கயிறுபோல் இறுகுகிறது. இன்றைய வண்டிகளில் பிரேக் இரண்டு கிளையாக இருக்கிறது; ஒன்று போனால் மற்றது பாதி வேலை செய்யும். பாரம் ஏற்றிய வண்டிக்கு, இறக்கத்தில், பாதி பிரேக் போதுமா?

இன்னொன்றும் உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடுவதும், காலியானால் குறைப்பதும் அதன் வேலை. வண்டியை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், பத்துப் பேர் ஏறியிருந்தாலும் "வண்டி காலி" என்றே வால்வு நினைத்துக்கொள்ளும்! பின்தட்டில் மனிதரை ஏற்றலாமா என்பது வேறு கேள்வி. அதையும் நாம் விடப்போவதில்லை.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையா? அளந்து வாங்கிய நீளமான ஹோஸ், அல்லது ஹோஸின் மேல்முனையைத் தாழ்த்தும் பிராக்கெட். வால்வுக் கம்பிக்குத் திருத்தம். ஹேண்ட்பிரேக் கேபிளும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் பார்த்தல். பழைய ஹோஸை வெட்டி ஒட்டுப்போடுதல் கூடாது. வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டெரிங்கை இரு கடைசிக்கும் திருப்பி, ஹோஸ் இறுகுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் நாம் கேட்ட பழைய மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "ஹோஸ் விலை ஒரு டயர் விலைகூட ஆகாதுங்க." டயருக்குப் பணம் இருந்தது, ஹோஸுக்கு இல்லையாம்!

"இது தொழில்நுட்பம், சங்கத்துக்கு என்ன வேலை?" என்கிறார்கள். வண்டியில் ஏறுவது யார்? 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலைப்பாதையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்களே, அங்கே பிரேக் கோளாறு பேசப்பட்டதை நாடே அறியும். பிரேக் என்பது உயிர். உயிரைப் பற்றிப் பேசாத சங்கம் சந்தா வாங்கி என்ன பயன்?

சட்டமும் நம் பக்கமே. 1994-ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதனங்களைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். உடனடி ஆபத்தை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளவும் அத்திருத்தம் உரிமை தருகிறது. 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். உங்கள் தோட்டத்தில் அது கூடுகிறதா? தேநீர் குடித்துக் கலைகிறதா?

கிராணிமாராகிய நாமும் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அடிக்கப்பட்ட அந்த வரி நம் மேசையைத் தாண்டித்தான் போனது. நாம் வாய் திறந்தோமா? "மேலிடத்து உத்தரவு" என்று பேனாவை மூடிவைத்தோம். அந்த அம்மாவின் கைமுறிவில் நமக்கும் பங்கு உண்டு. இனி இப்படிப்பட்ட வரி அடிக்கப்பட்டால், அதன் நகல் அன்றே கிளைச் செயலாளர் கைக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் போகட்டும்.

நம் கோரிக்கை மூன்றே. உயர்த்திய வண்டி ஒவ்வொன்றும் தகுதியுள்ள மெக்கானிக்கால் சோதிக்கப்பட்டு, எழுத்தில் சான்று வரும்வரை ஆளேற்றக் கூடாது. பிரேக் பழுதுப் புத்தகம் டிரைவர் கையில் இருக்க வேண்டும். அவர் எழுதியதற்குப் பதில் எழுத வேண்டும். டிரைவருக்குக் கொடுத்த கடிதம் திரும்பப் பெறப்பட வேண்டும். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு பின்தட்டில் அமரும் தோழர்களுக்கும் சேர்த்தே இதைக் கேட்கிறோம். பள்ளத்தில் விழும் வண்டி கடப்பிதழைப் பார்ப்பதில்லை.

1941-இல் இதே கிள்ளான் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவை ஒழி என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. அன்று அவர்கள் "இறங்கமாட்டோம்" என்றார்கள். இன்று நாம் சொல்கிறோம்: பிரேக் சரியில்லாத வண்டியில் ஏறமாட்டோம்!