தச்சர் இல்லாத பட்டறை

இணைய இணைப்பு இல்லாமலே வீட்டுக் கணினியில் வலைப்பக்கத்தைக் கட்டி, முடிந்த பின் எஃப்டிபி வழியே வழங்கியில் ஏற்றிவிடலாம். இதற்கென வந்த திறமூல மென்பொருள்களில் ஒரு காலத்தில் பேர்போனது என்வியூ. காசு போட்டது லின்ஸ்பயர் என்ற லினக்ஸ் நிறுவனம். எழுதிய ஆள்? டேனியல் கிளாஸ்மன். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்தவர். என்வியூவுக்கு அடித்தளமான மொசில்லா கம்போசரின் அடிமுடி தெரிந்தவர். 2003இல் உரிமையாளர் ஏஓஎல் நெட்ஸ்கேப் கூடாரத்தைக் கலைத்திருக்காவிட்டால் லின்ஸ்பயருக்கு இப்படி ஒருவர் சிக்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

2005இல் 1.0 பதிப்பு வந்தது. சன்னலின் அடியில் நான்கு பொத்தான்கள். ஒன்றைத் தட்டினால் பக்கம், இன்னொன்றைத் தட்டினால் அதன் எச்டிஎம்எல். கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

அப்புறம் கிளாஸ்மன் வேறு வேலைக்குப் போனார். மிச்சமிருந்த பிழைகளைத் திருத்த ஃபாபியன் கசனாவ் அதிலிருந்து கொம்போசர் என்ற கிளையைப் பிரித்தார். நிலையான பதிப்பு 2007ஓடு சரி. 2010இல் கடைசிச் சோதனைப் பதிப்பு, அவ்வளவே.

நிரல் இன்றும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. தொடத்தான் ஆளில்லை. இத்தகைய திட்டங்கள் ஆள் தேடும்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் தெரிந்த, வடிவமைப்பும் கைவந்த, சம்பளம் கேட்காத ஒருவரைக் கேட்கின்றன. மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை! அதற்குப் பதிலாக, வருகிறவரிடம் முதல்நாளே ஒரு சின்னப் பிழையைக் கொடுத்து, அதைத் திருத்தும்வரை பழைய ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.