யாருக்கு இந்த வரிச் சலுகை?

அமெரிக்காவில் பல வருஷங்களாக ஒரு வரிச் சண்டை நடக்கிறது. குடியரசுக் கட்சிக்காரரும் ஜனநாயகக் கட்சிக்காரரும் மாறி மாறி மார்தட்டுகிறார்கள். "உழைக்கும் நடுத்தரக் குடும்பங்களைக் காப்போம்!" என்று இரு தரப்பிலிருந்தும் கூக்குரல் எழுகிறது.

சண்டை எதைப் பற்றி? மாநில சர்க்காருக்குக் கட்டும் வருமான வரி, ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி ஆகியவற்றை, மத்திய சர்க்காருக்கு வருமான வரி கட்டும்போது வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 1913ஆம் வருஷத்துச் சட்டமே இடம் கொடுத்தது. 2017 டிசம்பரில் டிரம்ப் கொண்டுவந்த சட்டம், 10,000 டாலருக்கு மேல் கழிக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. 2025 ஜூலை 4ஆம் தேதி அதே டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் வரம்பை 40,000 டாலராக உயர்த்தியது. 2030இல் அது மறுபடி 10,000க்கு இறங்கும். அதற்குள் சண்டை மீண்டும் மூளும் என்பதில் சந்தேகமில்லை.

இதில் உழைப்பாளிக்கு என்ன கிடைக்கிறது? கணக்குப் பார்ப்போம், தோழர்களே!

கூலிக்காரனின் கணக்கு

அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 முதல் ஒரு காசுகூட ஏறவில்லை. வாரம் 40 மணி வீதம் வருஷம் முழுக்க உழைத்தால் 15,080 டாலர். ஆனால் 2025ஆம் வருஷத்துக்கு, தனி நபர் யாராயினும் 15,750 டாலரைப் பொதுக் கழிவாகக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே இந்தத் தொழிலாளிக்கு மத்திய வருமான வரியே கிடையாது. கழித்துக்கொள்ளும் சலுகை அவனுக்கு எதற்கு? மொட்டைத் தலைக்குச் சீப்பு!

அப்படியானால் அவன் வரியே கட்டவில்லையா? கட்டுகிறான். கூலியில் நூற்றுக்கு 7.65 வீதம் ஓய்வூதிய, வைத்திய நிதிக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் கடையில் வாங்கும் சாமானுக்கு விற்பனை வரி. வீட்டுக்காரன் கட்டும் வீட்டு வரியும் வாடகையோடு சேர்ந்து அவன் தலையில்தான் விடிகிறது. அந்த வீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டு. வாடகை கொடுப்பவனுக்கு இல்லை!

அதிகக் கூலி தரும் மாநிலங்களிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பொதுக் கழிவைத் தாண்டும் அளவுக்குத் தனித்தனியாகக் கழிக்க வழியுள்ளவர்களுக்கே இந்தச் சலுகை. 2017க்கு முன்பே பத்துப் பேரில் மூன்று பேர்தான் அப்படிக் கழித்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய ஒருவர்தான்.

ஐந்து லட்சக்காரனின் கணக்கு

மறுபக்கம் பாருங்கள். வருஷம் 5 லட்சம் டாலர் சம்பாதிக்கும் தம்பதி. சொந்த மாளிகை, பெரிய வீட்டுக் கடன், 40,000 டாலர் மாநில, ஸ்தல வரி. கடன் வட்டியை ஏற்கெனவே கழிக்கும் இவர்களுக்குப் புதிய சட்டத்தால் மேலும் 30,000 டாலர் வரிக்குத் தப்புகிறது. நூற்றுக்கு 32 என்ற விகிதத்தில் மிச்சம் 9,600 டாலர். குறைந்தபட்சக் கூலிக்காரனின் ஏழரை மாத உழைப்பு, ஒரு பேனாக் கோட்டில்! இதற்குப் பெயர் உழைக்கும் குடும்பத்துக்குச் சலுகையாம்!

அதே சட்டம் ஏழைகளின் வைத்திய உதவியை வெட்டியது. உணவு உதவியை வெட்டியது. வைத்திய உதவி வேண்டுமானால் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்டு என்று பலருக்கு நிபந்தனை விதித்தது. 2034க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் வைத்தியக் காப்பீடு இழப்பார்கள் என்று அந்நாட்டுப் பார்லிமெண்டின் பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது. ஒரு கையால் பிடுங்கியதை மறு கையால் யாருக்கு வார்த்தார்கள் என்பது விளங்கவில்லையா?

எதிர்க்கட்சியின் யோக்கியதை

ஜனநாயகக் கட்சி மட்டும் என்ன? 2021 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் அவர்களுக்கே பெரும்பான்மை இருந்தது. அப்போது வரம்பை 80,000 டாலராக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். அது மேல்சபையில் தேறவில்லை. பெர்னி சாண்டர்ஸ் போன்ற சிலர் இது பணக்காரருக்கான பரிசு என்று எதிர்த்தது உண்மை. கட்சித் தலைமையோ பணக்காரப் புறநகர்களின் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தது.

நியாயமான கவலை, தவறான மருந்து

அங்கே ஆசிரியர் சங்கங்களும் தீயணைப்புத் தொழிலாளர் சங்கங்களும் இந்தக் கழிவை ஆதரித்தன. கழிவு போனால், மாநில வரியைக் குறை என்று பணக்காரர்கள் நெருக்குவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் இராது என்பது அவர்கள் வாதம். இந்தக் கவலையை நாம் ஏளனம் செய்யவில்லை. 2017 வரம்பு, பொதுச் சேவைக்குக் கூடுதல் வரி போடும் நியூயார்க், நியூஜெர்ஸி, கலிபோர்னியா மாநிலங்களையே அதிகம் தாக்கியது. அதே சட்டம் கம்பெனி வரியை 35 சதவிகிதத்திலிருந்து 21ஆக வெட்டியது. ஆகவே அந்த வரம்பைப் பணக்காரருக்கு எதிரான நடவடிக்கை என்று நம்புகிறவன் ஏமாளி.

ஆனால் மருந்து எது? கூலிக்காரன் பசி தீர வேண்டுமானால் கூலிக்காரன் இலையில் சோறு போடவேண்டும். பண்ணையார் இலையில் பரிமாறிவிட்டு, அவர் மனம் குளிர்ந்தால் உனக்கும் ஒரு கவளம் விழும் என்று காத்திருக்கச் சொல்வதா? பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டுமானால் மத்திய சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கே நேராகக் கொடுக்கட்டும்!

இன்னொரு மோசடியும் உண்டு. கூட்டு நிறுவனங்களின் பங்காளிகள் தங்கள் மாநில வரியை நிறுவனத்தின் பெயரில் கட்டி, வரம்பே இல்லாமல் கழித்துக்கொள்ளலாம். 2020இல் வரி இலாகாவே இதற்குத் தலையசைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதற்கென்றே சட்டம் செய்துகொடுத்தன. 2025 சட்டமும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. வக்கீல் நிறுவனப் பங்காளிக்குத் திறந்திருக்கும் கதவு, அதே நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கு மூடியிருக்கிறது!

பத்தாயிரமா, நாற்பதாயிரமா என்பது பணக்காரர்களுக்குள் நடக்கும் பாகப்பிரிவினைத் தகராறு. அதில் ஒரு பக்கத்துக்குக் கொடி பிடிப்பது உழைப்பாளியின் வேலை அல்ல. கம்பெனி லாபத்தின் மீது வரியை உயர்த்து! நிறுவனப் பங்காளிகளின் ஓட்டையை அடை! வெட்டிய வைத்திய உதவியையும் உணவு உதவியையும் திருப்பிக் கொடு! குறைந்தபட்சக் கூலியை உயர்த்து! அமெரிக்கத் தொழிலாளி எழுப்ப வேண்டிய கோஷங்கள் இவையே. இவற்றுக்காக அவன் போராடும்போது, நமது ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அவன் பக்கமே நிற்பார்கள்.