ஸ்பிரிங்கே இல்லாத வண்டி... முதுகுக்கு யார் பொறுப்பு?

2025 ஆகஸ்ட் மாதம், பஞ்சாப் வெள்ளத்தின்போது பல மொபைல்களில் சுற்றிய வீடியோ அது. ஆள் உயரச் சக்கரங்களுடன் ஒரு வண்டி, அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீருக்குள் இறங்கி மிதந்து போகும். கரை வந்ததும் அப்படியே ஏறி ஓடும். முதியவர்களையும் குழந்தைகளையும் ராணுவத்தினர் அதில் ஏற்றி மீட்டார்கள். 'ஏட்டர் என்1200' என்பது அந்த வண்டியின் பெயர்.

அந்த வண்டியைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அதில் ஸ்பிரிங் கிடையாது. ஷாக் அப்சார்பரும் கிடையாது. நம் வீட்டு ஸ்கூட்டரில் இருக்கும் சஸ்பென்ஷன்கூட அதில் இல்லை!

'சக்கரக் கதை' பகுதியில் இந்த வாரம் நீரிலும் நிலத்திலும் ஓடும் இந்த வண்டிகளைத்தான் பார்க்கப்போகிறோம். இவற்றுக்கு ஏன் சஸ்பென்ஷன் வைப்பதில்லை? நாமே வைத்தால் என்ன ஆகும்? எந்தத் தரைக்கு எது சரி?

பிறந்த இடம் கனடா

இந்த வகை வண்டிகளின் தாய்வீடு கனடா. 1960-களின் தொடக்கத்தில் அங்கே 'ஜிகர்' என்ற ஆறு சக்கரக் குட்டி வண்டி வந்தது. 1967-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் நியூ ஹாம்பர்க் ஊரிலிருந்து 'ஆர்கோ' வந்தது. இன்றுவரை இந்த வகையில் அதிகம் பேசப்படும் பெயர் அதுதான்.

கனடாவின் வடக்குப் பகுதியில் ஏரி, சதுப்பு, பனி, காடு எல்லாம் மாறி மாறி வரும். பாசி மக்கிச் சேர்ந்த சதுப்பை அங்கே 'மஸ்கெக்' என்பார்கள். மேலே பார்த்தால் புல்தரை போலத்தான் இருக்கும். ஜீப்பை விட்டால் ஆக்ஸில் வரை புதைந்துவிடும். வேட்டைக்குப் போகிறவர்கள், மின்கம்பிப் பாதையைப் பார்வையிடும் ஊழியர்கள், மீட்புக் குழுவினர் என்று எல்லோருக்கும் அங்கே இப்படியொரு வண்டி தேவைப்பட்டது.

அமைப்பு ரொம்ப எளிமை. தொட்டி மாதிரி ஒரு உடல். அதன் இரு பக்கமும் ஆறு அல்லது எட்டுச் சக்கரங்கள். தொட்டிக்குள் எஞ்சினும் செயின்களும். ஆக்ஸில் மட்டும் பக்கச் சுவர் வழியாக வெளியே எட்டிப்பார்க்கும். அந்த ஓட்டையில் பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கும். தண்ணீரில் இறங்கினால் டயரின் பட்டைகளே துடுப்பாகத் தள்ளும். பெரும்பாலும் மணிக்கு 5 கி.மீ. வேகம்தான், ஆனால் மூழ்காது.

காற்றுதான் ஸ்பிரிங்

சஸ்பென்ஷன் இல்லாமல் எப்படி ஓட்டுகிறார்கள்? டயரில் இருக்கும் காற்றை நம்பித்தான்.

கார் டயரில் 32 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடிப்போம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 2 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான். விரலால் அழுத்தினாலே உள்ளே போகும்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 600 கிலோ எடையுள்ள எட்டுச் சக்கர வண்டி என்றால் ஒரு சக்கரத்துக்கு 75 கிலோ. டயரில் 3 பிஎஸ்ஐ காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 கிலோ அழுத்தம்தான் தரைக்குப் போகும். நாம் நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் தரைக்குக் கொடுக்கும் அழுத்தம் இதைவிட அதிகம்! நம் கால் புதையும் சேற்றில் 600 கிலோ வண்டி புதையாமல் போவதன் ரகசியம் இதுதான்.

பஞ்சாபில் ஓடிய வண்டி, ரஷ்யாவில் பிறந்த 'ஷெர்ப்' குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். நான்கு டயர்களின் காற்றையும் குழாய் மூலம் இணைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் கல்லில் ஏறி நசுங்கினால், அதன் காற்று மற்ற டயர்களுக்குப் போய்விடும். சக்கரம் கல்லைக் கட்டிப்பிடித்து ஏறும்.

இத்தனை சௌகரியம் இருந்தும் ஏன் சஸ்பென்ஷன் கேட்கிறார்கள்?

பந்து குதிக்கும், நிற்காது

சஸ்பென்ஷன் என்றால் இரண்டு வேலை. ஒன்று, குழியின் அடியை வாங்கிக்கொள்வது. அது ஸ்பிரிங்கின் வேலை. இன்னொன்று, வாங்கிய அடியால் வண்டி திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது. அது ஷாக் அப்சார்பரின் வேலை.

காற்று டயர் முதல் வேலையை நன்றாகவே செய்யும். இரண்டாவது வேலையில் பலவீனம். பந்தைத் தரையில் போட்டால் என்ன ஆகும்? அதேதான். சதுப்பில் மெதுவாகப் போகும்வரை இது தெரியாது. அங்கே சேறே துள்ளலை அடக்கிவிடும். அலை அலையாகக் கிடக்கும் கெட்டியான மண் பாதையில் 25, 30 கி.மீ. வேகத்தில் போனால், வண்டி முன்னும் பின்னுமாகத் துள்ள ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஒரு கட்டத்தில் பாதையின் அலையும் வண்டியின் துள்ளலும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். அப்போது உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புதான் ஷாக் அப்சார்பர்!

இது வெறும் சொகுசுப் பிரச்னை இல்லை. உடல் முழுவதும் அதிரும் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்பவர்களுக்குக் கீழ் முதுகு வலி வருவது உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம். அந்த அதிர்வை அளக்கவே 'ஐஎஸ்ஓ 2631' என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் இதற்குச் சட்டமே போட்டது. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி அதிர்வு 0.5 மீ/வி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15-ஐத் தாண்டவே கூடாது. வேலையாக இந்த வண்டியை ஓட்டுகிறவருக்கும், உள்ளே ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கும் இது உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வி.

நிலத்தில் மட்டும் ஓடும் வண்டிகள் இந்தப் பிரச்னையை எப்போதோ தாண்டிவிட்டன. 1970-ல் ஹோண்டா கொண்டுவந்த மூன்று சக்கர 'யுஎஸ்90' வண்டியிலும் சஸ்பென்ஷன் கிடையாது. பலூன் டயர் மட்டும்தான். 1980-களில் அந்த வகை வண்டிகளுக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் வந்துவிட்டன. நீரில் மிதக்கும் வண்டிகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிட்டன.

ஏன் தயங்குகிறார்கள்?

முதல் காரணம், ஓட்டை. இப்போது ஆக்ஸில் ஒரே இடத்தில் சுற்றுவதால் வட்டமான சீல் போதும். சஸ்பென்ஷன் வைத்தால் சக்கரம் மேலும் கீழும் ஆடும். ஆடும் ஆக்ஸிலுக்குத் தண்ணீர் புகாத ஓட்டை போடுவது கஷ்டம். அதுவும் நீர்மட்டத்துக்குக் கீழே, எட்டு இடத்தில்!

இரண்டாவது, செயின். பைக் செயினை டைட் செய்யும் மெக்கானிக்கைப் பாருங்கள். முழுசாக இறுக்காமல் கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் வைப்பார். பின்சக்கரம் ஏறி இறங்கும்போது செயினின் இறுக்கம் மாறும் என்பதே காரணம். நான்கைந்து செயின்கள் ஒன்றையொன்று இழுக்கும் வண்டியில் இந்தத் தலைவலி பல மடங்கு.

மூன்றாவது, திரும்பும் முறை. இந்த வண்டிகளில் முன்சக்கரம் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்களை பிரேக் போட்டு நிறுத்தினால், வண்டி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பும். அப்போது முனைகளில் உள்ள டயர்கள் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகும். எடை நடுச்சக்கரங்களில் இருந்தால் சுலபமாகத் திரும்பும். அதனால்தான் நடு டயர்களில் சற்றுக் கூடுதல் காற்று வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே மாதிரி ஸ்பிரிங் போட்டால் எடை முனைகளுக்கும் பரவி, திருப்புவதே மல்யுத்தமாகிவிடும்.

நான்காவது, எடை. மிதக்கும் வண்டியில் ஒரு கிலோ கூடினால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக விலக்க வேண்டும். அடிப்பரப்பு 3 சதுர மீட்டர் இருக்கும் வண்டியில் 60 கிலோ இரும்பு ஏற்றினால், வண்டி சுமார் 2 செ.மீ. கீழே இறங்கும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஏரியில் அலை அடிக்கும்போது அந்த 2 செ.மீ. முக்கியம். கூடவே உயரமும் ஏறினால் கவிழும் அபாயமும் கூடும்.

முடியவே முடியாதா?

முடியும். இரண்டாம் உலகப் போரில், 1942-ல் அமெரிக்கா தயாரித்த 'டக்' என்ற மிதக்கும் லாரியில் இலை ஸ்பிரிங் இருந்தது. தண்ணீரை இறைத்துக் கொட்டப் பம்புகளும் இருந்தன. ஓட்டுநர் கேபினில் உட்கார்ந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அதில் வந்தது. ரோட்டுக்கு அதிகக் காற்று, மணலுக்குக் குறைந்த காற்று. 2012-ல் வந்த 'கிப்ஸ் குவாட்ஸ்கி'யில் சஸ்பென்ஷனுடன் சக்கரங்கள் மேலே மடங்கும் வசதியே இருந்தது. நீரிலும் நிலத்திலும் மணிக்கு 72 கி.மீ. வேகம். விலை அமெரிக்காவில் சுமார் 40,000 டாலர்!

பட்டறையில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் ஒத்துவரும் வழி, பைக்கின் ஸ்விங் ஆர்ம் மாதிரி ஒன்று. தொட்டியிலிருந்து வெளியே வரும் ஆக்ஸிலையே அச்சாக வைத்து ஒரு கை ஆடும். கையின் மறுமுனையில் சக்கரம். கைக்குள் ஒரு செயின். இப்படிச் செய்தால் தொட்டியின் ஓட்டை ஒரே இடத்தில் இருக்கும், சீல் பிழைக்கும், செயினின் நீளமும் மாறாது. ஆனால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது செயினின் இழுப்பே கையைத் தூக்கவோ அமுக்கவோ பார்க்கும். திரும்பும்போது பக்கவாட்டு இழுப்பு கையை முறுக்கும். கை கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டி என்றால் எடை.

எந்தத் தரைக்கு எது?

*சதுப்பு, ஏரி, புதுப்பனி:* நாளில் பெரும்பகுதி இங்கேதான் என்றால் சஸ்பென்ஷன் வேண்டாம். காற்று போதும். தண்ணீர் புகாத தொட்டியும் குறைந்த எடையும்தான் இங்கே உயிர்.

*பாறை, விழுந்த மரங்கள்:* வேகமே இல்லாத இடம். துள்ளல் கிடையாது. எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுவதுதான் தேவை. நம் சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ஊர்தி ஞாபகம் இருக்கிறதா? ஆறு சக்கரங்கள், ஸ்பிரிங் கிடையாது. தராசுத் தட்டு மாதிரி ஒரு சக்கரம் ஏறினால் மற்றது இறங்கும் கைகள்தான் அதில் இருந்தன. இந்தத் தரைக்கு அந்த வழிதான் பொருத்தம்.

*நீண்ட மண் சாலை, கெட்டியான தடம்:* சஸ்பென்ஷன் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். அதுவும் ஷாக் அப்சார்பருடன். ஸ்பிரிங் மட்டும் போட்டால் பந்துக்கு மேல் இன்னொரு பந்து வைத்த கதை.

*உறைபனிக் குளிர்:* இங்கே வேறொரு சிக்கல். 20 டிகிரி வெப்பத்தில் 3 பிஎஸ்ஐ அடித்த டயர், மைனஸ் 20 டிகிரிக்குப் போனால் கணக்குப்படி 1 பிஎஸ்ஐக்கும் கீழே இறங்கிவிடும். அதே குளிரில் கார் டயர் ஐந்தில் ஒரு பங்குதான் இழக்கும். 'ஸ்பிரிங் இல்லாததால்தான் அடிக்கிறது' என்று நினைப்பதற்கு முன், காற்றைப் பாருங்கள். சாதாரண கேஜ் இந்த அளவைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தேவை.

முதலில் சீட்டை மாற்றுங்கள்

நம் ஊர் டிராக்டரைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பெரிய பின்சக்கரங்களுக்கும் பொதுவாக ஸ்பிரிங் இருக்காது. ஓட்டுபவரின் சீட்டுக்குக் கீழேதான் இருக்கும். வண்டி முழுவதையும் தாங்கும் எட்டு சஸ்பென்ஷனைவிட, ஒரு மனிதரைத் தாங்கும் ஒரு சீட் மலிவு, எடை குறைவு. தொட்டியில் ஓட்டையும் போட வேண்டாம்.

அதனால் வரிசை இதுதான். முதலில் டயர் காற்றைத் தரைக்கு ஏற்ப மாற்றுங்கள். அடுத்து, ஸ்பிரிங்கும் ஷாக்கும் உள்ள சீட் போடுங்கள். ஸ்ட்ரெச்சர் ஏற்றும் வண்டி என்றால் ஸ்ட்ரெச்சருக்கும் அதே ஏற்பாடு வேண்டும். அப்போதும் போதவில்லை, நாளில் பாதிக்கு மேல் கெட்டியான தடத்தில்தான் ஓடுகிறது என்றால் மட்டும் சக்கரங்களுக்கு வாருங்கள். பொருத்திய பிறகு முதல் சோதனையை ஆழமில்லாத தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்த முறை இப்படியொரு மீட்பு வீடியோ வந்தால், அந்த ராட்சதச் சக்கரங்களை ரசித்த பிறகு உள்ளேயும் ஒரு பார்வை பாருங்கள். காப்பாற்றப்பட்ட பாட்டி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்? ஓட்டுகிற அந்த இளைஞர்? வண்டி கரையேறினால் மட்டும் போதாது, அவர்கள் முதுகும் பத்திரமாகக் கரையேற வேண்டும்.