பழைய மருந்துச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்

துவாக்குடி ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற பலருடைய நெடுநாள் மருத்துவக் குறிப்புகள் எம்மிடம் பழைய கணினி மென்பொருளில் உள்ளன. அவற்றைப் புதியதற்கு மாற்றும்போது எம்மை அச்சுறுத்துவது ஒவ்வாமைதான். 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று பழையதில் 'பிற குறிப்புகள்' பகுதியில் எழுதியிருப்போம். புதியதில் ஒவ்வாமைக்கெனத் தனிக் கட்டம் உண்டு. அது நிரம்பாவிடில், அம்மருந்தை எழுதும்போது எச்சரிக்கை தோன்றாது. தலைப்பெழுத்து முன்பின்னாக மாறினால் ஒருவரே இருவராகிவிடுவதும் உண்டு. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் இக்குழப்பத்தைக் குறைக்கும். விடுபட்ட ஒவ்வாமையை மீட்டுத் தராது. ஆகவே பழைய மென்பொருளைப் படிப்பதற்கு மட்டுமேனும் சில ஆண்டுகள் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதே எம் கருத்து. செலவுதான், ஆகட்டும். அடுத்த முறை பழைய சீட்டுகளுடன் வாருங்கள். ஒவ்வாமைக் கட்டத்தைத் திரையில் எம்முடன் சேர்ந்து சரிபாருங்கள்.